புகை எரிபொருளாகட்டும்; புரட்டாகிவிட வேண்டாம்!

கரியமிலவாயுவில் மின்சாரத்தைச் செலுத்தி எரிசாராயமாக மாற்றிவிடலாம் என்ற செய்தி, சில ஆண்டுகளாக ஏடுகளில் அடிக்கடி இடம்பெற்று வருகிறது. இன்று ஒரு நாட்டு ஆராய்ச்சிக்கூடம், நாளை வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகம் என்று அறிவிப்புகள் வந்தவண்ணம் இருக்கின்றன. புகையே எரிபொருளாகப் போகிறது, இனி நிலக்கரி எரிப்பதைப் பற்றிக் கவலை எதற்கு என்று பேசுவோரும் கிளம்பிவிட்டார்கள்.

அனல்மின் நிலையங்களிலும் ஆலைகளிலும் பாடுபடும் நம் தோழர்கள் கேட்கிறார்கள்: இது மெய்யா, கட்டுக்கதையா? மெய்யென்றால் ஏன் இன்னும் ஊர் பங்க்கிலே அந்த எரிசாராயம் விற்கவில்லை? பொய்யென்றால் பேர்பெற்ற விஞ்ஞானிகள் ஏன் இதற்காக ஆயுளைச் செலவிடுகிறார்கள்? நியாயமான கேள்விகள். பதில் கூறவேண்டியது நம் கடமை.

நமது பதில் இது: விஞ்ஞானம் மெய். அதை இரு கை நீட்டி வரவேற்கிறோம். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்திலே பிறந்த மெய்யை எடுத்துவந்து, புகைபோக்கிகளின் சொந்தக்காரர்கள் தங்கள் குற்றத்தை மூடும் போர்வையாக்கிக்கொள்ளப் பார்த்தால், அதற்கு இடங்கொடுக்க மாட்டோம். எது சாதனை, எது சால்ஜாப்பு என்று பிரித்தறியும் திறன் ஒவ்வொரு தோழனுக்கும் வேண்டும். அதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறோம்.

கரியமிலவாயு என்பது என்ன? எரிந்து முடிந்த கரி. அடுப்பிலே விறகு எரிந்தபின் எஞ்சும் சாம்பல் எப்படியோ, அப்படி. தன்னிடமிருந்த வெப்பத்தையெல்லாம் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோன பொருள் அது. அதை மீண்டும் எரியும் பொருளாக்க வேண்டுமானால், எரியும்போது அது கொடுத்த சக்தியைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். மலையிலிருந்து உருண்டுவந்த பாறையை மீண்டும் மேலே ஏற்றுவது போன்ற வேலை. ஏற்றும் தோள் மின்சாரம்.

எவ்வளவு மின்சாரம்? ஒரு லிட்டர் எத்தனால் செய்ய, ஏறத்தாழ ஒன்றரை கிலோ கரியமிலவாயு தேவை. உலகத்திலேயே தலைசிறந்த விஞ்ஞானி, குறையே இல்லாத எந்திரத்தை வைத்துச் செய்தாலும், அந்த ஒரு லிட்டருக்கு 6 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கொடுத்தே தீரவேண்டும். இது இயற்கை விதித்த வரி. இதிலே சலுகை கிடையாது, தள்ளுபடி கிடையாது, எந்த மந்திரியின் சிபாரிசும் செல்லாது. இயற்கை கேட்கும் வரிக்கு மேலே வீணாகும் மின்சாரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதே விஞ்ஞானிகள் முன் உள்ள பிரச்னை. அங்கேதான் வினையூக்கி வருகிறது.

வினையூக்கி என்பது கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு வீட்டாரையும் சேர்த்து வைப்பார். கல்யாணம் முடிந்ததும் தாம் அதிலே ஒட்டிக்கொள்ளாமல் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார். தரகர் இல்லாவிட்டால் அந்தச் சம்பந்தம் கூடிவர ஆண்டுகள் ஆகலாம், கூடாமலே போகலாம். இரசாயனத்திலும் அப்படியே. இந்தத் தொழிலிலே தரகர் வேலை பார்ப்பது மின்வாயின் மேற்பரப்பில் உள்ள உலோகம்.

வேலையோ எளிதல்ல. மெதனால் செய்ய ஒரு கரியமிலவாயு மூலக்கூறுக்கு 6 எலெக்ட்ரான்களைக் கொடுக்க வேண்டும். எத்தனால் என்றால் இரண்டு மூலக்கூறுகளைக் கைகோக்க வைத்து, மொத்தம் 12 எலெக்ட்ரான்களை ஊட்டவேண்டும். வழியிலே தடம் மாறினால் வேறு ஏதாவது ஒன்று பிறக்கும், சாராயம் பிறக்காது. தொட்டியிலுள்ள தண்ணீர் வேறு, வருகிற எலெக்ட்ரானையெல்லாம் தானே பறித்துக்கொண்டு ஹைட்ரஜனாகப் போய்விடப் பார்க்கும்.

பிரெஞ்சு விஞ்ஞானி போல் சபாத்தியே, உலோகங்களை வைத்து ஹைட்ரஜன் ஏற்றும் முறைக்காக 1912இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு: நல்ல வினையூக்கியின் பிடி இறுகியும் இருக்கக்கூடாது, தளர்ந்தும் இருக்கக்கூடாது. பொன்னும் வெள்ளியும் தளர்ந்த பிடிக்காரர்கள். இரண்டு எலெக்ட்ரான் ஏறியதும், கார்பன் மோனாக்சைடு என்ற அரைகுறைச் சரக்காகவே கைவிட்டுவிடுகின்றன. ஈயமும் வெள்ளீயமும் ஃபார்மிக் அமிலத்தின் உப்போடு நின்றுவிடுகின்றன. பிளாட்டினமும் நிக்கலும் இறுகப் பிடித்துக்கொண்டு மேலே நகரவிடுவதில்லை. அங்கே கிளம்புவது பெரும்பாலும் ஹைட்ரஜனே.

அப்படியானால் சாராயம் வரை அழைத்துச்செல்லும் உலோகம் எது? நம் வீட்டுப் பரணில் கிடக்கும் அண்டாவும் குடமும் எதனால் ஆனவையோ அதுதான். செம்பு! ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தின் யோஷியோ ஹோரியும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட ஆராய்ச்சி, செம்பு மின்வாயிலே கரியமிலவாயு மீத்தேன் வரை செல்கிறது என்று காட்டியது. தொடர்ந்து நடந்த சோதனைகளிலே எத்திலீனும் எத்தனாலும் வந்தன. விலையுயர்ந்த பொன்னாலும் பிளாட்டினத்தாலும் ஆகாத காரியத்தைச் செம்பு செய்தது. இன்றுவரை இந்தத் துறை பெரும்பாலும் அந்தச் செம்பைச் சுற்றியே நடக்கிறது.

ஆனால் செம்பிடம் ஒரு குறை உண்டு. அது ஒரே ஒரு பொருளைச் செய்து தருவதில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2012இல் நுணுகிப் பார்த்தபோது, செம்பு மின்வாயிலிருந்து 16 வகைப் பொருள்கள் வருவதைக் கண்டார்கள். ஒரே தறியிலே வேட்டியும் சேலையும் சாக்கும் கந்தலும் கலந்து நெய்து வந்தால் நெசவாளி என்ன செய்வான்? தறியைத் திருத்துவான். செம்புத் தறியைத் திருத்தி, சாராயம் மட்டுமே நெய்ய வைப்பதுதான் வினையூக்கியை வடிவமைப்பது என்பதன் பொருள்.

எப்படித் திருத்துகிறார்கள்? செம்பின் மேற்பரப்பை முதலில் ஆக்சைடாக்கி, அதை மீண்டும் செம்பாக்கிக் கரடுமுரடான பரப்பு செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் 2014இல் அப்படிச் செய்த செம்பு, கார்பன் மோனாக்சைடை எத்தனால் முதலிய பொருள்களாக மாற்றியது. 100 எலெக்ட்ரான்களில் 57 வரை அந்தப் பொருள்களுக்குச் சென்றன. ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தார் 2016இல் கரிமுட்களின்மீது செம்புத் துகள்களைப் பதித்தார்கள். எத்தனாலுக்கு 63 கிடைத்தது. ஆர்கான் ஆராய்ச்சிக்கூடத்தார் 2020இல், தனித்தனி அணுக்களாகத் தூவிய செம்பு மின்சாரம் பாயும்போது சிறு கொத்துகளாகத் திரள்வதைக் கண்டு, அதைக்கொண்டு 91 எட்டினார்கள். மெதனாலுக்குச் செம்புத் தகடு சரிப்படவில்லை. அதற்கு யேல் பல்கலைக்கழகத்தார் 2019இல் நீலச் சாயப் பொருளின் உறவினமான ஒரு கோபால்ட் சேர்மத்தைக் கரிக்குழாய்களின்மீது பரப்பி, 40க்கு மேல் பெற்றார்கள்.

எந்த உலோகத்தோடு எதைக் கலப்பது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க ஒரு ஜென்மம் போதாது. ஆகவே கணக்கிடும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். டொராண்டோ பல்கலைக்கழகமும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் 2020இல் அப்படித் தேடிச் செம்பும் அலுமினியமும் கலந்த வினையூக்கியைக் கண்டுபிடித்தன. அதிலே 80 எலெக்ட்ரான்கள் ஒரே பொருளுக்குச் சென்றன. ஆனால் அந்தப் பொருள் எத்திலீன், எரிசாராயம் அல்ல. எத்திலீனும் எத்தனாலும் ஏறத்தாழக் கடைசிப் படிவரை ஒரே ஏணியில் ஏறுகிறவை. கடைசித் திருப்பத்திலே செம்பு பெரும்பாலும் எத்திலீன் பக்கமே சாய்கிறது. அந்தத் திருப்பத்தில் வண்டியைச் சாராயத்தின் பக்கம் ஒடிப்பது எப்படி என்பதே இன்று விஞ்ஞானிகளின் தலைவலி.

இவ்வளவும் பெருமைக்குரிய உழைப்பு. இதைக் கேலி செய்பவன் விஞ்ஞானத்தின் பகைவன். ஆனால் விஞ்ஞானியின் உழைப்பு வேறு, அதைக் காட்டி வியாபாரி பேசும் பேச்சு வேறு.

ஆகவே இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நம் தோழர்கள் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும்.

முதல் கேள்வி: நூற்றுக்கு எத்தனை, எந்த வேகத்தில்? 91 என்றதும் மயங்கிவிடக் கூடாது. ஆராய்ச்சிக்கூடத்து மின்வாய் பெரும்பாலும் தபால்தலை அளவு. அதிலே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தும்போது உயர்ந்த எண் கிடைப்பது உண்டு. ஆலைக்குத் தேவையான அளவு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லி ஆம்பியரும் அதற்கு மேலும் பாய்ச்சும்போது அந்த எண் நிற்கிறதா? யேல் பல்கலைக்கழகத்தின் மெதனால் சோதனையில் பாய்ந்தது சுமார் 10 மில்லி ஆம்பியர். அது குற்றமல்ல, துவக்கம். துவக்கத்தை முடிவென்று விற்பதுதான் குற்றம்.

இரண்டாவது கேள்வி: எத்தனை மணி நேரம் ஓடியது? யேல் சோதனையில் திருத்திய வினையூக்கி குறைந்தது 12 மணி நேரம் தாக்குப்பிடித்தது. ஆராய்ச்சிக்கு அது நல்ல செய்தி. ஆலைத் தொழிலாளியின் கணக்கிலே அது ஒன்றரை ஷிஃப்ட். காஸ்டிக் சோடா ஆலைகளில் உப்புநீரை மின்பகுப்புச் செய்யும் தொட்டிகளை நம் தோழர்கள் அறிவார்கள். அவை ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. அத்தகைய தொட்டியோடு போட்டிபோடவேண்டிய தொழில், மணிக்கணக்கில் மார்தட்டிக்கொள்ள முடியாது.

மூன்றாவது கேள்வி: ஊட்டிய வாயுவில் எவ்வளவு சாராயமாயிற்று? இதை வெளியிலே பேசுகிறவர்கள் குறைவு. கரியமிலவாயு சாராயமாகும்போது மின்வாயருகே காரம் உண்டாகிறது. அந்தக் காரம், பக்கத்திலே இருக்கும் கரியமிலவாயுவையே விழுங்கிக் கார்பனேட் உப்பாகிவிடுகிறது. காரமான நீரிலும் நடுநிலை நீரிலும் கணக்கு இதுதான்: எத்தனாலுக்கு 2 பங்கு வாயு போகும்போது, 6 பங்கு உப்பாகப் போகிறது. எட்டு வீட்டுச் சோற்றைச் சமைத்து ஆறு வீட்டுச் சோற்றைக் கொட்டுவதுபோல! அந்த உப்பு மின்வாயின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும் தொல்லை வேறு. டொராண்டோ விஞ்ஞானிகள் 2021இல், கடும் அமில நீரிலேயே இந்த வேலையைச் செய்யலாம் என்று காட்டி இதற்கு ஒரு வழி திறந்திருக்கிறார்கள். கரியமிலவாயுவை முதலில் கார்பன் மோனாக்சைடாக்கி, பிறகு சாராயமாக்கும் இரண்டு தொட்டி முறையும் உண்டு. வழிகள் இருக்கின்றன, வேலை முடியவில்லை.

நான்காவது கேள்விதான் தலையாயது: மின்சாரம் எங்கிருந்து வந்தது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டி 3 வோல்ட்டில் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு எலெக்ட்ரான்கூட வீணாகவில்லை என்றும் தாராளமாக ஒப்புக்கொள்வோம். அப்போதும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 16 யூனிட் மின்சாரம் ஆகும். எலெக்ட்ரான்களில் பாதி வேறு பொருள்களுக்குப் போனால், செலவு 33 யூனிட்டுக்கு ஏறிவிடும். நிலக்கரி எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால், ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு வானத்துக்குப் போகிறது. ஆக, நிலக்கரி மின்சாரத்தை வைத்து இந்தத் தொழிலை நடத்தினால், ஒன்றரை கிலோ வாயுவை அடக்குவதற்குப் புதிதாக 16 கிலோ வாயுவைக் கிளப்புகிறோம்! அதுவும் அடக்கியது நிலைக்குமா? அந்தச் சாராயம் எரிந்ததும் அந்த ஒன்றரை கிலோவும் வெளியே வந்துவிடும்.

இதற்குப் பெயர் பரிகாரமா? வீட்டில் பற்றிய தீயை அணைக்க எண்ணெய் ஊற்றுகிறவனை ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கும்? அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்குப் பக்கத்திலே, அதே நிலையத்தின் மின்சாரத்தைக்கொண்டு ஒரு சாராயத் தொட்டியை வைத்து, பார் பார், புகையை ஒழித்துவிட்டோம் என்று எவரேனும் விளம்பரம் செய்தால், தோழர்கள் இந்த 16ஐயும் ஒன்றரையையும் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். பள்ளிப்பிள்ளைக்கும் புரியும் கணக்கு இது.

காற்றிலிருந்தோ கதிரவனிலிருந்தோ நீர்வீழ்ச்சியிலிருந்தோ வரும் மின்சாரமானால் கணக்கே மாறிவிடுகிறது. அப்போது இது நல்ல தொழில். பகலில் கதிரவன் மின்சாரம் மிஞ்சும்போதும், ஆடிக் காற்றில் காற்றாலை மின்சாரத்தை வாங்க ஆளில்லாதபோதும், அந்த மிச்சத்தைத் திரவமாக்கி டாங்கியிலே பூட்டிவைக்கும் உபாயம் இது.

அப்போதும் எதற்கு இந்தச் சாராயம், எதற்கு வேண்டாம் என்பதைத் தெளிவாகப் பார்க்கவேண்டும். 16 யூனிட் மின்சாரத்தைப் பேட்டரியில் ஏற்றினால், ஒரு சிறு மின்சாரக் கார் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடும். அதே 16 யூனிட்டை ஒரு லிட்டர் எத்தனாலாக்கிச் சாதாரணக் காரில் ஊற்றினால், சுமார் 10 கிலோமீட்டரில் நின்றுவிடும். ஆகவே பஸ்ஸுக்கும் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் இந்த வழி வேண்டியதில்லை, பேட்டரி போதும். பேட்டரியைச் சுமந்து பெருங்கடலைத் தாண்ட முடியாத கப்பலுக்கும், நெடுந்தூரம் பறக்கும் விமானத்துக்கும், மருந்து, பெயின்ட், பிளாஸ்டிக் செய்யக் கரி கலந்த பொருள் கேட்கும் இரசாயன ஆலைக்குமே இது தேவை.

கப்பல் துறையில் வேலை துவங்கியும் விட்டது. மெதனாலில் ஓடும் முதல் கன்டெய்னர் கப்பலான லாரா மெர்ஸ்க், 2023இல் கடலுக்கு வந்தது. டென்மார்க்கின் காஸ்ஸோவில் ஆண்டுக்கு 42,000 டன் மெதனால் செய்யும் ஆலை 2025இல் திறக்கப்பட்டது. நம் தூத்துக்குடித் துறைமுகத்திலும், கப்பல்களுக்கு மெதனால் நிரப்பும் முன்னோடி நிலையத்துக்கு 2025இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

இங்கே ஒன்றைத் தோழர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. காஸ்ஸோவிலும், அதற்கு முன்னோடியாக 2012இல் ஐஸ்லாந்தில் துவங்கிய ஆலையிலும் நடப்பது சுற்றுவழி. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். பிறகு அதையும் கரியமிலவாயுவையும் உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வினையூக்கியின்மீது செலுத்தி மெதனால் செய்கிறார்கள். அத்தகைய வேலைக்கு வழக்கமான வினையூக்கி, செம்பும் துத்தநாகமும் கலந்தது. 1960களிலிருந்து மெதனால் ஆலைகள் அறிந்த பழைய தொழிலாளி. இந்தியாவிலும் விந்தியாச்சல் அனல்மின் நிலையத்தில், புகையிலிருந்து பிரித்த கரியமிலவாயுவைக்கொண்டு இதே சுற்றுவழியில் மெதனால் செய்திருப்பதாக என்.டி.பி.சி. 2024இல் அறிவித்தது. நாம் மேலே விவரித்ததோ நேர்வழி: தண்ணீர், வாயு, மின்சாரம் மூன்றும் ஒரே தொட்டியிலே சேர்ந்து, அதிலேயே சாராயம் பிறப்பது. நேர்வழி வென்றால், கொதிகலன் இல்லாமல், பேரழுத்தம் இல்லாமல், சிறு ஊரிலும் இத்தொழிலை நடத்த இடமுண்டு. ஆனால் சுற்றுவழி ஆலைக்கு வந்துவிட்டது. நேர்வழி இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டவில்லை. ஒன்றைக் காட்டி மற்றொன்றுக்கு விலைபேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இதனால் நமக்கு என்ன வந்தது என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நிறைய வந்தது.

முதலாவது, சோறு. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காக இந்நாட்டில் கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் ஆலைக்குப் போகின்றன. சர்க்கரை தட்டுப்படுமோ என்ற அச்சத்தில், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய சர்க்கார் 2023 டிசம்பரில் கட்டுப்பாடு விதிக்கவேண்டி வந்ததை மறந்துவிட முடியாது. வயலும் தண்ணீரும் கேட்காத எரிசாராயம் ஒன்று கிடைக்குமானால், அது ஏழையின் தட்டிலே கை வைக்காத எரிபொருள். இந்த ஆராய்ச்சியை நாம் வரவேற்பதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டாவது, உயிர். மெதனால் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழனுக்கு நினைவுக்கு வருவது கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் மெதனால் கலந்த சாராயம் குடித்து அங்கே 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாண்டவர்கள் பெரும்பாலும் கூலி உழைப்பாளிகள். கப்பலுக்கு எரிபொருளாகும் அதே திரவம், மனிதன் குடித்தால் கண்ணைப் பறிக்கும், உயிரைக் குடிக்கும். நாளை துறைமுகத்திலும் ஆலையிலும் டாங்கி டாங்கியாக மெதனால் வரப்போகிறது என்றால், ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வேண்டும், காவல் வேண்டும், அதைக் கையாளும் தொழிலாளிக்குப் பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் வேண்டும். இவற்றை ஆலை எழும்புவதற்கு முன்பே ஏற்பாடு செய்யவேண்டும்.

மூன்றாவது, உரிமை. இந்த அறிவு யாருடைய பணத்தில் வளர்ந்தது? ஓக் ரிட்ஜும் ஆர்கானும் அமெரிக்க சர்க்காரின் ஆராய்ச்சிக்கூடங்கள். நம் நாட்டிலும், மின்சாரமும் இரசாயனமும் சந்திக்கும் இந்தத் துறைக்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1953இல் திறக்கப்பட்ட நிலையம் அது. மக்கள் பணத்தில் நடப்பது. வரிப்பணத்தில் விளைந்த அறிவை நாலு பேர் காப்புரிமை வேலி போட்டு அடைத்துக்கொண்டு, அதையே நமக்கு விலைக்கு விற்பது நியாயமா? அல்ல என்கிறோம்.

ஆகவே நாம் கோருவது இவைதான். கரியமிலவாயுவை எரிபொருளாக்குவதாகச் சொல்லிச் சர்க்காரிடம் மானியமோ நிலமோ சலுகையோ கேட்கும் எந்த நிறுவனமும், மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் எண்களில் பதில் எழுதி, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவேண்டும். நிலக்கரி மின்சாரத்தில் நடக்கும் தொட்டிக்குப் பசுமை என்ற பட்டயம் வழங்கக் கூடாது. பொதுப்பணத்தில் பிறந்த வினையூக்கியின் உரிமை பொதுத்துறையில் இருக்கவேண்டும். காரைக்குடி போன்ற நிலையங்களுக்குப் பணமும் ஆளும் கொடுத்து, தபால்தலை அளவு மின்வாயை மேசை அளவுக்கும் பிறகு ஆலை அளவுக்கும் வளர்க்கும் வேலையை ஒப்படைக்கவேண்டும். இந்தப் புதிய தொழிலுக்கு வேண்டிய ஃபிட்டரையும் எலெக்ட்ரீஷியனையும் வெளியிலே தேடவேண்டியதில்லை. நாளை அனல்மின் நிலையம் ஒன்று மூடப்படுமானால், அங்கே உழைத்தவர்களுக்குப் பயிற்சி தந்து முதலில் அவர்களையே அமர்த்தவேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமிலவாயுவைப் பிரித்துச் சோடா உப்பாக்கும் திட்டம் 2016இல் துவங்கியது. சோடா உப்பாவதற்கு வாயுவுக்கு எலெக்ட்ரான் ஊட்டத் தேவையில்லை. ஆகவே அது எளிய வழி. எரிசாராயம் அதைவிடச் செங்குத்தான மலை. ஆனாலும் புகையைப் பிடித்துப் பயன்படுத்தும் கைத்திறன் நம் ஆலைத் தொழிலாளிக்கு எட்டாததல்ல என்பதற்கு அது சாட்சி.

தொழில்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமிலவாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்தப் புகையால் மாளிகை கட்டியவர்கள் சிலர். அதன் வெப்பத்தைச் சாலையில் தார் ஊற்றும்போதும், கட்டடத்தில் சாரம் ஏறும்போதும், வயலில் நாற்று நடும்போதும் முதுகிலே தாங்குகிறவர்கள் பலர். ஆகையால் இந்தப் பிரச்னை விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதென்று ஒதுங்கிவிட நமக்கு உரிமையில்லை.

செம்பு தன் வேலையைச் செய்யட்டும். விஞ்ஞானி அதைச் செம்மைப்படுத்தட்டும். கணக்குக் கேட்கும் வேலை நம்முடையது. அடுத்த முறை புகையிலிருந்து எரிபொருள் என்ற தலைப்பை ஏட்டிலே காணும்போது, தோழர்கள் படிப்பகத்தில் நாலு பேரைக் கூட்டிவைத்து அதை உரக்கப் படியுங்கள். படித்து முடித்ததும் நான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள். நூற்றுக்கு எத்தனை? எத்தனை மணி? எவ்வளவு வாயு வீண்? மின்சாரம் எங்கிருந்து? நான்குக்கும் நாணயமான பதில் அதில் இருக்குமானால், கைதட்டி வரவேற்போம். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், எழுதியவருக்கு ஒரு கார்டு போட்டுக் கேளுங்கள்.